வளர்ப்பு வீட்டில் என்ன வாசிப்பது? ஒரு நூற்றாண்டு விடைகளின் மதிப்பீடு

பெற்றோரைப் பிரிந்து, முன்பின் பழகாத ஒரு குடும்பத்துக்கு வந்து சேரும் குழந்தையின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? அந்தக் குழந்தையை ஏற்கும் பெற்றோர் எதைப் படித்துத் தயாராவது? நூலகர்களும் உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் வெகுகாலமாக இக்கேள்விக்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே நூல்பட்டியல்கள் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு பட்டியல் பரிந்துரைக்கும் நூலை இன்னொன்று தவிர்க்கச் சொல்கிறது. வாசிப்பு ஒரு குழந்தைக்கு எப்படி உதவுகிறது என்பதில் அவற்றைத் தயாரித்தவர்களுக்குள் உடன்பாடு இல்லாததே இதற்குக் காரணம்.

முதலில் ஒரு வேறுபாடு. தத்தெடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் நிலை அப்படிப்பட்டதல்ல. சொந்த வீடு சீரானதும் அது திரும்பிப் போகலாம், வேறொரு குடும்பத்துக்கு மாற்றப்படலாம், பதினெட்டு வயதுவரை அதே வீட்டில் இருக்கவும் செய்யலாம். அதன் தாயோ தந்தையோ பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்கிறார்கள், அல்லது வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு நிலைப்பாட்டையும் இந்த நிச்சயமின்மையை வைத்தே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நூலே மருந்து என்ற கருத்து

புத்தகத்தைச் சிகிச்சையாகக் கருதும் போக்குக்கு ஒரு பெயர் கிடைத்தது 1916இல். அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் குரோதர்ஸ், ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘பிப்லியோதெரபி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் கரோலின் ஷ்ரோட்ஸ். 1940களின் இறுதியில் அவர் செய்த ஆய்வின்படி, வாசகர் முதலில் பாத்திரத்தோடு தன்னை அடையாளம் காண்கிறார். பிறகு தேங்கியிருந்த உணர்ச்சி வெளிப்படுகிறது. இறுதியில் தன் நிலை பற்றிய தெளிவு பிறக்கிறது.

இந்த மூன்று படிகளே பின்னாள் பட்டியல்கள் பலவற்றுக்கும் சொல்லப்படாத அடித்தளம். ஆனால் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு எல்லாக் குழந்தைகளும் போய்ச் சேர்வார்கள் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. வீட்டில் அடிபட்ட குழந்தை, அடிபடும் பாத்திரத்தோடு தன்னை அடையாளம் காணும்போது தெளிவு பிறக்கலாம். பழைய அச்சம் மட்டும் திரும்பி வந்து அங்கேயே நின்றும் விடலாம். எது நேரும் என்பதை நூலை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தன்னைப் போன்ற ஒருவரைக் காணுதல்

இரண்டாம் நிலைப்பாடு சிகிச்சையைவிட உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய சிறு கட்டுரை, புத்தகங்கள் ஒரு குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்வைக் காட்டும் சாளரமாகவும் இருக்க வேண்டும் என்றது. கறுப்பினக் குழந்தைகள் தங்களைக் கதைகளில் காண முடியாத நிலையை முன்வைத்தே அவர் அதை எழுதினார். அந்த வாதம் வளர்ப்புக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று பிறகு பலர் கருதினர்.

பழைய சிறார் நாவல்களில் வீடற்ற குழந்தைகளுக்குக் குறைவில்லை. ‘ஹைடி’ (1880–81), ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ (1908) இரண்டிலும் பெற்றோர் இறந்துவிட்டவர்கள். அதனால் புதிய வீட்டில் அன்பு கிடைத்ததும் சிக்கல் பெருமளவு தீர்கிறது. வளர்ப்புக் குழந்தைக்கோ, வளர்ப்புத் தாயை நேசிப்பது பெற்ற தாய்க்குச் செய்யும் துரோகமாகத் தோன்றலாம். அநாதைக் கதைகளில் இந்த இருபக்க விசுவாசத்துக்கு இடமே இல்லை.

அந்த இடத்தைத் திறந்த நூல்களில் ஒன்று கேத்தரின் பேட்டர்சனின் ‘தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்’ (1978). பேட்டர்சனே சிறிது காலம் வளர்ப்புத் தாயாக இருந்தவர். பதினொரு வயது கில்லி கோபக்காரி, பொய் சொல்பவள், திருடுபவள். தன்னை விட்டுப்போன தாயை மனத்தில் தேவதையாக வைத்திருக்கிறாள். மேமி டிராட்டர் என்ற வளர்ப்புத் தாயிடம் அவள் மனம் ஒட்டத் தொடங்கும் வேளையில், அவளே முன்பு எழுதிய ஒரு கடிதம் அவளை அந்த வீட்டிலிருந்து பிரித்துப் பாட்டியிடம் கொண்டு சேர்க்கிறது. தாய் வரும் நாளில் அந்தக் கனவும் உடைகிறது. இனிப்பான முடிவைத் தர மறுத்ததே இந்நாவலின் வலிமை. அதன் வசைச்சொற்களுக்காக அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் பலமுறை எதிர்ப்பும் எழுந்தது.

பிரிட்டனில் ஜாக்குலின் வில்சனின் ‘தி ஸ்டோரி ஆஃப் டிரேசி பீக்கர்’ (1991) குழந்தைகள் இல்லத்தில் வாழும் பத்து வயதுச் சிறுமியின் குரலில் எழுதப்பட்டது. தாய் நடிகையாக இருப்பதால்தான் வர முடியவில்லை என்று டிரேசி நம்புவதும், அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கும் ஐயமும் குழந்தை வாசகருக்குப் புரியும்படியே சொல்லப்படுகின்றன. லிண்டா மல்லலி ஹன்ட் எழுதிய ‘ஒன் ஃபார் தி மர்ஃபீஸ்’ (2012) கதையின் நாயகி, தான் விரும்பத் தொடங்கிய வளர்ப்புக் குடும்பத்தை விட்டுத் தாயிடமே திரும்புகிறாள். சிறு குழந்தைகளுக்கான ‘மேபி டேஸ்’ (2002) என்ற படநூல் இன்னும் துணிச்சலானது. எப்போது வீட்டுக்குப் போவேன், அம்மா வருவாளா என்ற கேள்விகளுக்கு ‘இருக்கலாம்’ என்பதே பல நாட்கள் கிடைக்கும் விடை என்பதை அது மறைக்கவில்லை. நீதிபதியும் சமூகப் பணியாளரும் என்ன செய்வார்கள், குழந்தையின் வேலை என்ன என்பதையும் விளக்குகிறது.

இந்த நிலைப்பாட்டின் குறைகள் இரண்டு. முதலாவது, அந்தரங்கம். தன் நிலையைச் சொல்லும் நூலை ஆசிரியர் வகுப்பில் எல்லார் முன்னும் கொடுத்தால், மறைத்து வைத்திருந்த ஒன்றை அந்தக் குழந்தை வெளிப்படுத்த வேண்டியதாகிவிடும். இரண்டாவது, வார்ப்பு. வளர்ப்புக் குழந்தை என்றாலே முரடு, பொய், ஓட்டம் என்ற சித்திரம் பல நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சத்தமில்லாமல் ஒடுங்கியிருக்கும் குழந்தை தன்னை அங்கே காண்பதில்லை.

தூரத்தில் நிற்கும் கதை

மூன்றாம் நிலைப்பாடு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளியிட்ட ‘தி யூசஸ் ஆஃப் என்சேன்ட்மென்ட்’ நூலில், குழந்தையின் ஆழ்ந்த அச்சங்களைத் தொடுவதற்கு நடப்பியல் கதைகளைவிடத் தேவதைக் கதைகளே ஏற்றவை என்று வாதிட்டார். காட்டில் கைவிடப்பட்ட பிள்ளைகளின் கதை எங்கோ எப்போதோ நடப்பது. அதனால் குழந்தை தன் கதை என்று ஒப்புக்கொள்ளாமலே அதில் தன் அச்சத்தை வைத்துப் பார்க்கலாம்.

இதில் உண்மை உண்டு. சிறு குழந்தைகளுக்கான நூல்கள் விலங்குகளைப் பாத்திரமாக்குவதும் இதே காரணத்தால்தான். வீடு மாறி வீடு போகும் ஒரு நாயின் கதையான ‘மர்ஃபீஸ் த்ரீ ஹோம்ஸ்’ (2009) ஓர் எடுத்துக்காட்டு. நாயைப் பற்றிப் பேசலாம், தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற விடுதலை குழந்தைக்குக் கிடைக்கிறது.

பெட்டல்ஹைமின் வாதம் கடும் விமர்சனத்தையும் சந்தித்தது. கதைகளை அவற்றின் வரலாற்றிலிருந்து பிரித்துவிட்டார் என்று தேவதைக் கதை ஆய்வாளர் ஜாக் ஸைப்ஸ் போன்றோர் குற்றம் சாட்டினர். வளர்ப்பு வீட்டைப் பொறுத்தவரை அந்த வரலாறு முக்கியமானது. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ‘ஹேன்சல், கிரெட்டல்’ கதையின் தாயும் பின்பதிப்பொன்றில் அப்படியே மாற்றப்பட்டாள். தாய்மையின் புனிதம் காக்கப்பட்டது. பழி வந்து சேர்ந்தவளின்மேல் விழுந்தது. புதிதாய் வந்த பெண்மணி கொடியவள் என்று சொல்லும் கதையை, அத்தகைய ஒரு பெண்மணியே படுக்கையருகே அமர்ந்து வாசிக்க நேர்கிறது. தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அறிந்து வாசிக்க வேண்டும்.

குழந்தையின் சொந்தக் கதை

நான்காம் நிலைப்பாட்டின்படி, வளர்ப்புக் குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஏன் வீட்டைவிட்டு வந்தேன், யார் முடிவு செய்தார்கள், என் தம்பி எங்கே என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் ‘வாழ்க்கைக் கதை நூல்’ ஒன்றைக் குழந்தையோடு சேர்ந்து தயாரிக்க வேண்டும். டோனி ரயன், ராஜர் வாக்கர் ஆகியோரின் 1980களின் கையேடு பிரிட்டனில் இம்முறையைப் பரப்பியது. இங்கிலாந்தில் தத்துக்குப் போகும் குழந்தைகளுக்கு இத்தகைய நூல் தயாரித்துத் தருவது இன்று விதியாகவே இருக்கிறது. வரிசை பற்றி ஒரு விவாதமும் உண்டு. பிறப்பிலிருந்து தொடங்கினால் குழந்தை முதலில் தன் காயங்களையே சந்திக்க நேர்கிறது என்று ஜாய் ரீஸ் 2009இல் எழுதினார். இப்போது இருக்கும் பாதுகாப்பான வீட்டிலிருந்து தொடங்கி, பின்னோக்கிச் சென்று, மீண்டும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வருவதே அவர் முன்வைத்த மாற்று.

சொந்தக் கதை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கவிஞர் லெம் சிசேயின் வாழ்க்கை சாட்சி. எத்தியோப்பியத் தாய்க்கு இங்கிலாந்தில் பிறந்த அவர், வேறு பெயரில் ஒரு வெள்ளையினக் குடும்பத்தில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் அங்கிருந்தும் அனுப்பப்பட்டுக் குழந்தைகள் இல்லங்களில் காலம் கழித்தார். தாய் தன் மகனைத் திருப்பிக் கேட்டு எழுதியிருந்த கடிதம், அவர் வளர்ந்த பிறகே கைக்கு வந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்த அலுவலகக் கோப்புகளை வைத்து ‘மை நேம் இஸ் ஒய்’ (2019) நூலை எழுதினார். தன்னைப் பற்றி அதிகாரிகள் எழுதியதையும் தான் வாழ்ந்ததையும் அருகருகே வைத்ததே அந்நூலின் அமைப்பு. கோப்பு எழுதும் ஒவ்வொருவரும், ஒருநாள் அந்தக் குழந்தையே இதை வாசிக்கும் என்ற நினைவோடு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் அரிது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பணியாளர் மாறினால் வேலை பாதியில் நிற்கிறது. சில சமயம் பிள்ளைக்குத் தாங்கும் வயது வருமுன்பே கடும் உண்மைகள் வந்துவிடுகின்றன. சில சமயம் உண்மை இனிப்புப் பூசி மழுப்பப்படுகிறது. பெற்றவர்களின் தரப்பு பெரும்பாலும் அவர்கள் வாயால் சொல்லப்படுவதே இல்லை.

வளர்ந்தவர்கள் எழுதும் துயர நினைவுக்குறிப்புகளைத் தனியாக எண்ண வேண்டும். டேவ் பெல்சரின் ‘எ சைல்ட் கால்டு இட்’ (1995) லட்சக்கணக்கில் விற்றது. அதன் சில விவரங்களைக் குடும்பத்தாரில் சிலர் மறுத்தனர். ஒரு சகோதரர் உறுதிப்படுத்தினார். அந்த வழக்கைத் தீர்ப்பது இங்கே நோக்கமல்ல. வன்முறையை நுணுக்கமாக விவரிக்கும் இவ்வகை நூல்கள் பெரியவர்களுக்கு விழிப்பைத் தரலாம். அதே அனுபவத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் குழந்தைக்கு அவற்றைக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

வளர்ப்புப் பெற்றோரின் மேசையில்

பெரியவர்களுக்கான நூல்களின் ஊற்றுக்கண் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கை, தாயன்பு இழப்பு குழந்தையின் மனநலத்தைக் குலைக்கும் என்றது. அதன் எளிய வடிவம் 1953இல் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்டது. தாய் ஒருத்தியை மட்டும் மையமாக்கியதையும், பலவகை இழப்புகளை ஒன்றாகக் கலந்ததையும் மைக்கேல் ரட்டர் 1972இல் கேள்விக்குள்ளாக்கினார்.

அதே காலத்தில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதியர் நடைமுறையிலேயே ஒரு பதில் தந்தனர். தாய் மருத்துவமனையில் இருந்த நாட்களில், இரண்டு வயதை ஒட்டிய நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டில் ஏற்று, படம்பிடித்துப் பதிவு செய்தனர். முன்கூட்டியே பழகி, பழைய வழக்கங்களை மாற்றாமல், தாயைப் பற்றிய பேச்சை நிறுத்தாமல் வைத்திருந்தபோது, கடும் விரக்தி அவர்களிடம் தோன்றவில்லை. அவை சில நாட்கள் நீடித்த பிரிவுகள், அன்பான வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் என்பதால் எல்லாருக்கும் இதைப் பொதுமைப்படுத்த முடியாது. ஆனால் பெற்ற தாயின் நினைவை உயிரோடு வைப்பது வளர்ப்புத் தாய்க்கு எதிரானதல்ல என்ற பாடம் இன்றும் மதிப்புள்ளது. இடமாற்றத்தைக் குழந்தையின் பார்வையில் படிப்படியாக விளக்கிய வேரா ஃபால்பெர்க்கின் ‘எ சைல்ட்ஸ் ஜர்னி த்ரூ பிளேஸ்மென்ட்’ (1991) இந்தப் பாடத்தை விரிவாக்கியது.

அண்மைய நூல்கள் மூளை வளர்ச்சியையும் அதிர்ச்சியின் தாக்கத்தையும் முன்வைக்கின்றன. புரூஸ் பெரியின் ‘தி பாய் ஹூ வாஸ் ரெய்ஸ்டு அஸ் எ டாக்’ (2006) இவற்றுள் புகழ்பெற்றது. உணவைப் பதுக்கி வைப்பதும் அணைக்கப் போனால் விலகுவதும் கெட்ட குணமல்ல, முன்பு உயிர் காத்த பழக்கங்கள் என்று புரியவைப்பது இந்நூல்களின் பெரும் நன்மை. வளர்ப்புக் குடும்பத்தின் பயனுக்கு வலுவான சான்றும் இக்காலத்தில் வந்தது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் சீட்டு முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அறிவு வளர்ச்சியிலும், பராமரிப்பவரோடு கொள்ளும் பற்றுறவிலும் அவர்கள் முன்னேறினர். சிறு வயதிலேயே போனவர்கள் பொதுவாக அதிகம் பயன்பெற்றனர்.

இந்த வகையில் ஆபத்தும் இருந்தது. பற்றுறவுக் குறைபாட்டைப் பலவந்தமாகக் குணப்படுத்தலாம் என்ற கருத்து 1990களில் சில சிகிச்சையாளர்களால் பரப்பப்பட்டது. 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் அப்படி ஒரு ‘சிகிச்சை’யின்போது தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். குழந்தையை அடக்கி வைப்பதையோ வற்புறுத்தி அணைப்பதையோ பரிந்துரைக்கும் எந்த நூலையும் ஒதுக்குவதே முறை. நல்ல நூல்களிலும் ஒரு குறை எஞ்சுகிறது. எல்லா நடத்தைக்கும் அதிர்ச்சியே காரணம் என்று பார்க்கப் பழகினால், பசியாலோ வயதாலோ வரும் சாதாரண அடமும் நோயாகத் தெரியத் தொடங்கும்.

கொடுத்தால் போதுமா?

இதுவரை கண்ட நிலைப்பாடுகள் எந்த நூல் என்று கேட்டன. எப்படி வாசிப்பது என்பதைச் சோதித்த ஆய்வுகள் குறைவு, இரண்டு கவனிக்கத்தக்கவை. பிரிட்டனின் ‘லெட்டர்பாக்ஸ் கிளப்’ திட்டம் வளர்ப்புக் குழந்தைகளின் பெயரிட்டு, மாதம் ஒரு பொதியாக, ஆறு மாதங்களுக்குப் புத்தகங்களையும் கணித விளையாட்டுகளையும் அஞ்சலில் அனுப்புகிறது. தன் பெயருக்கு வரும் பொதி ஒரு குழந்தைக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வட அயர்லாந்தில் 7 முதல் 11 வயதுவரையிலான 116 குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வாசிப்புத் திறனிலோ வாசிப்பு மீதான மனப்பான்மையிலோ திட்டத்தின் விளைவு தென்படவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் வேறு வழி சோதிக்கப்பட்டது. வளர்ப்புப் பெற்றோருக்கே பயிற்சி தந்து, 6 முதல் 13 வயதுவரையிலான 77 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் தனித்தனியாகக் கற்பிக்கச் செய்தனர். குழந்தை உரக்க வாசிக்க, பெரியவர் கேட்பதும் அதில் அடங்கும். 2012இல் வெளியான முடிவின்படி வாக்கியப் புரிதலிலும் கணிதத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. தனிச்சொல் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தெரியவில்லை.

இரு ஆய்வுகளும் சிறியவை, அளந்தது பெரும்பாலும் பள்ளித்திறனை. மனத்தின் ஆறுதலை இப்படி அளக்க முடியாது. எனினும், அஞ்சலில் வரும் நூலைவிட, அருகில் அமர்ந்து கேட்கும் பெரியவர் கூடுதல் வேலை செய்கிறார் என்ற திசையை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன என்று கருத இடமுண்டு.

தமிழில் எங்கே நிற்கிறோம்?

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்கிறது. முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை பெற்றோர் வந்து பார்க்க அனுமதிக்கலாம் என்றும், அவர்கள் தகுதியானவர்கள் என்று குழு கண்டால் குழந்தை அவர்களிடமே திரும்பலாம் என்றும் அப்பிரிவு சொல்கிறது. 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள் தனிநபர்களும் வளர்ப்புப் பெற்றோராக வழி திறந்தன. ஆனால் குழந்தைகள் நலக் குழு, பெற்றோர் வந்து பார்க்கும் நாள், வீடு திரும்பும் நாள் ஆகியவற்றைக் குழந்தைக்குப் புரியும் தமிழில் சொல்லும் கதைநூல்கள் அலமாரிகளில் கண்ணில் படுவது அரிது. பாட்டி வீட்டிலும் மாமா வீட்டிலும் வளரும் பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள் உண்டு; உறவு வீடு என்பதாலேயே அவர்களிடம் யாரும் விளக்குவதில்லை.

தமிழ் இலக்கியமோ இந்த அனுபவத்தை நெடுங்காலமாக அறிந்தது. மணிமேகலையின் ஆபுத்திரன் பிறந்ததும் கைவிடப்பட்டு, பசுவால் காக்கப்பட்டு, ஓர் அந்தணர் வீட்டில் வளர்கிறான். வேள்விப் பசுவைக் காக்கத் துணிந்ததும் ஊரார் அவன் பிறப்பையே பழியாக எறிகிறார்கள். வளர்ப்புத் தந்தையும் அவனைக் கைவிடுகிறார். இது சிறு குழந்தைக்குச் சொல்லும் கதையல்ல, பெரியவர்களுக்கான எச்சரிக்கை. கண்ணன் கதையில் இன்னொரு செல்வம் இருக்கிறது. பெரியாழ்வார் வளர்த்த யசோதையின் குரலில் பாடினார். குலசேகரர், பிள்ளைப் பருவத்தைக் காணாது போன தேவகியின் குரலில் புலம்பினார். பெற்றவள், வளர்த்தவள் இருவரின் அன்பையும் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காமல் ஒரே தொகுப்பில் வைத்த மரபு இது. மேலைப் பட்டியல்களில் பெற்றவர்களின் குரல் பெருங்குறையாக இருப்பதை நினைத்தால், தமிழில் எழுத வருபவர்களுக்கு இது நல்ல தொடக்கப்புள்ளி. திறந்த உரிமத்தில் படநூல்களை வெளியிடும் ‘ஸ்டோரிவீவர்’ போன்ற தளங்கள் இருப்பதால், அச்சுச் செலவும் முன்புபோல் பெருந்தடை அல்ல.

மதிப்பீடு

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஒரே நூல் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. தன்னைப் போன்றவரைக் காட்டும் நூலும் தூரத்துக் கதையும் எதிரிகள் அல்ல. எதைத் தாங்க முடியும் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், பாதியில் மூடி வைக்கும் உரிமையும் அதற்கு இருக்கட்டும். கொடுக்குமுன் பெரியவர் முழுவதும் படித்திருக்க வேண்டும், குறிப்பாக முடிவை. தாயிடம் திரும்பப்போகும் குழந்தைக்கு, வளர்ப்பு வீட்டிலேயே நிலைத்துவிடும் கதை நெருடலாம். திரும்ப முடியாத குழந்தைக்கு மறுதலையான கதை அதே வலியைத் தரலாம். எந்தக் கதைநூலும், குழந்தைக்குச் சொல்லப்படாமல் இருக்கும் அதன் சொந்த உண்மைக்கு மாற்றாகாது.

திறந்திருக்கும் கேள்விகளும் பல. வாசிப்பு தரும் ஆறுதல் எவ்வளவு காலம் நிற்கிறது? உடன்பிறந்தோர் வெவ்வேறு வீடுகளில் இருக்கும்போது ஒரே நூலை இருவரும் வாசிப்பது அவர்களை இணைக்குமா? பெற்ற தாயையும் தந்தையையும் வாழ்க்கைக் கதை நூலின் ஆசிரியர்களாகச் சேர்ப்பது எப்போது நன்மை, எப்போது தீங்கு? ஆங்கிலம் பேசும் நாடுகளின் அனுபவத்தில் உருவான இம்முடிவுகள், உறவினர் வளர்ப்பே பெருவழக்காக இருக்கும் நம் சமூகத்துக்கு எவ்வளவு பொருந்தும்? இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து பெரியவர்களானவர்களிடம் எது உதவியது, எது புண்படுத்தியது என்று கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். நூல்பட்டியல்கள் இதுவரை பெரும்பாலும் அவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டன. இனி அவர்களும் சேர்ந்து தயாரிக்க வேண்டும்.